உருமாற்றமும் ஒப்பனையும்

மணிமேகலை தான் பெற்ற மந்திரத்தின் வலியால் காயசண்டிகையின் வடிவு கொண்டாள் என்று சாத்தனார் கூறுமிடத்து நாம் ஐயுறுவதில்லை. மாரீசன் பொன்மான் ஆயினான், சூர்ப்பணகை எழில் நங்கை ஆயினாள் என்று கம்பர் பாடுங்கால், எங்ஙனம் ஆயினர் என்று வினவுவதும் இல்லை. ‘ஆயினான்’ என்னும் வினைமுற்று ஒன்றே முன்னை உருவையும் பின்னை உருவையும் பிணைத்து, இடைப்பட்ட அனைத்தையும் தன்னுள் அடக்கிக்கொள்ளுகின்றது. மொழிக்கு வாய்த்த இவ்வெளிமை திரைப்படத்திற்கு வாய்க்கவில்லை. திரையில் ஒருவன் ஓநாய் ஆதல் வேண்டுமாயின், அவன் காண்போர் கண்முன்னரே மாறிக் காட்டுதல் வேண்டும். அன்றேல், மாறும்பொழுது காண்போர் கண்ணைப் பிறிதோரிடத்திற்குத் திருப்பிவிடுதல் வேண்டும். அமெரிக்கத் திரைப்பட ஒப்பனையாளர் 1931ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இவ்விடர்ப்பாட்டோடு போராடினர். அப்போராட்டத்தின் வரலாறே இக்கட்டுரைக்குப் பொருளாகின்றது.

ஒப்பனை என்னும் சொல் ‘ஒப்பு’ என்பதன் அடியாகப் பிறந்தது. ஒன்றனை மற்றொன்றற்கு ஒப்பாக்குதலே அதன் தொழில். நடிகர் நெடுநேரம் நாற்காலியில் அமர்ந்திருக்க, மயிரும் பசையும் வண்ணமும் கொண்டு அவர் முகம் ஒரு முதியவரையோ விலங்கையோ ஒக்குமாறு ஆக்கப்படுகின்றது. வேலை முடிந்தபின் கிடைப்பது ஒரு நிலை, மாற்றம் அன்று. மனித முகம் ஒரு நிலை. ஓநாய் முகம் மற்றொரு நிலை. இவ்விரண்டிற்கும் இடையே கழிந்த பல மணி நேர உழைப்பைத் திரையில் சில நொடிகளில் நிகழும் ஒரு நிகழ்ச்சியாகக் காட்டும் ஆற்றல் ஒப்பனைக்குத் தனியே இல்லை. ஒளியோ, படத்தொகுப்போ, பொறியோ துணை வரவேண்டியிருந்தது. எத்துணை வந்ததோ அதற்கேற்ப நடிகரின் இடமும் வேறுபட்டது. மாற்றம் மிகுதியாகக் காட்டப்படுந்தோறும் நடிகர் திரையினின்று சிறிது சிறிதாக விலகினார் என்பது இவ்வரலாற்றை நோக்குவார்க்குத் தெளிவாகும்.

பிரான்சு நாட்டு ஜார்ஜ் மெலியே 1896ஆம் ஆண்டிலேயே படப்பெட்டியை இடையில் நிறுத்தி, பெண் இருந்த நாற்காலியில் எலும்புக்கூட்டை இருத்திப் படமெடுத்தார். அது மாற்றுதலேயன்றி மாறுதல் அன்று. ஆகவே அதனை விடுத்து மேலே செல்வோம்.

ஸ்டீவன்சன் 1886இல் வெளியிட்ட ஜெக்கில், ஹைட் கதையை ரூபன் மமூலியன் 1931இல் படமாக்கினார். நல்லியல்பினராகிய ஜெக்கில் மருந்துண்டு கொடியோனாகிய ஹைட் ஆகும் காட்சியைப் படம் வெட்டுப்படாமல், நடிகர் முகத்திலேயே காட்ட அவர் விழைந்தார். ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் கையாண்ட முறை வியக்கத்தக்கது. கருப்பு வெள்ளைப் படச்சுருள் நிறத்தை நிறமாக அறியாது. ஒளியின் மிகுதி குறைவுகளாகவே அறியும். செந்நிற வண்ணத்தால் முகத்தில் நிழல்களும் சுருக்கங்களும் தீட்டப்படுகின்றன. படப்பெட்டியின் முன் சிவப்பு வடிகட்டி இருக்குங்கால், தோலும் அதன்மீதுள்ள செவ்வண்ணமும் சிவந்த ஒளியை ஒருங்கே திருப்புதலால், தீட்டிய கோடுகள் படத்தில் தோன்றுவதில்லை. முகம் தூயதாகக் காணப்படும். சிவப்பு வடிகட்டியை மெல்ல நீக்கிப் பச்சை வடிகட்டியைக் கொண்டுவந்தால், செவ்வண்ணம் பச்சையொளியைத் திருப்பாமையின், அக்கோடுகள் மட்டும் கருத்துத் தோன்றும். நடிகர் பிரெட்ரிக் மார்ச் அசையாதிருப்பினும் அவர் முகம் இருண்டு குழிவது போலப் புலப்படும். முகத்தில் ஒன்றும் புதிதாக வந்து சேரவில்லை. முன்னரே இருந்தது வெளிப்பட்டது, அவ்வளவே. நல்லோன் ஒருவனுக்குள் தீயோன் மறைந்திருந்தான் என்னும் கதைப்பொருளுக்கு இதனினும் பொருந்திய உத்தியை எண்ணிப்பார்த்தல் அரிது. இம்முறையையே ஸ்ட்ரஸ் 1925ஆம் ஆண்டின் ‘பென் ஹர்’ படத்தில் தலைகீழாகக் கையாண்டு, தொழுநோயாளர் முகத்துப் புண்கள் ஆறி மறைவதாகக் காட்டியிருந்தார்.

இதன் எல்லையும் குறுகியதே. நிழலையும் கோட்டையுமே வடிகட்டி கொணர முடியும். பல்லையும் மயிரையும் கொணர முடியாது. அவற்றை வாலி வெஸ்ட்மோர் தனியே அமைத்தார். அவற்றை அணிவிக்கும் பொழுதைப் படப்பெட்டியின் சுழற்சி மறைத்தது. வண்ணப்படம் வந்தபின் அவ்வுத்தி பயனற்றதாயிற்று. எனினும் அங்கு மாறியது முழுவதும் நடிகரின் முகமே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். மார்ச் அவ்வாண்டின் சிறந்த நடிகர்க்குரிய ஆஸ்கர் பரிசை வாலஸ் பீரியுடன் பகிர்ந்து பெற்றார். ஒப்பனைக்கென ஒரு பரிசு அந்நாளில் இல்லை.

அடுத்து வந்தவர் யுனிவர்சல் நிறுவனத்தின் ஜாக் பியர்ஸ். ஃபிராங்கென்ஸ்டைன் கதையின் பூத உருவையும், ‘தி மம்மி’ படத்தின் பிணவுருவையும் போரிஸ் கார்லாஃப் முகத்தில் ஆக்கியவர் இவரே. ஓநாய் மனிதனை இவர் இருமுறை ஆக்கினார். 1935இல் வந்த ‘வேர்உல்ஃப் ஆஃப் லண்டன்’ படத்தில் ஹென்றி ஹல் நடந்து செல்கின்றார். இடையிடையே தூண்கள் குறுக்கிடுகின்றன. ஒவ்வொரு தூணையும் கடந்து வெளிவருங்கால் அவர் முகம் சிறிது கூடுதலாக விலங்கின் தன்மை கொண்டிருக்கின்றது. வெட்டுப்பட்ட இடத்தைத் தூண் மறைத்தது. எளிய சூழ்ச்சி, ஆயினும் நடிகர் நடந்துகொண்டேயிருக்கின்றார் என்பது இதன் சிறப்பு.

1941இல் வந்த ‘தி உல்ஃப் மேன்’ படத்தில் லான் சேனி இளையவரின் முகத்தில் பியர்ஸ் கவரியின் மயிரைச் சிறுசிறு கற்றைகளாக ஒட்டினார். பதிற்றுப்பத்தில் இமயத்தோடு சேர்த்துப் பேசப்படும் கவரி இவ்விலங்கே என்பர். திருவள்ளுவர் மானத்திற்கு உவமை காட்டிய மயிர் அமெரிக்க நாட்டில் இவ்வாறு பயன்பட்டமை ஒரு வேடிக்கையே. இருக்க, இப்படத்தில் மாற்றத்தைக் காட்டிய முறை ஒன்று மங்க மற்றொன்று தெளியும் படக்கலவையாகும். நடிகரை அசையாது இருத்திச் சிறிது நேரம் படமெடுப்பர். எடுத்தபின் மேலும் சிறிது மயிர் ஒட்டுவர். மீண்டும் அதே இடத்தில், அதே சாய்வில் இருத்தி எடுப்பர். இவ்வாறு எடுத்த பல துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று மங்கித் தெளியுமாறு இணைக்க, மயிர் தானே முளைப்பது போலத் தோன்றும். 1941ஆம் ஆண்டுப் படத்தில் மனிதன் ஓநாயாகுங்கால் நாம் காண்பது அவன் கால்களை மட்டுமே. முகம் மாறுவதை இறுதியில், அவன் இறந்து கிடக்கும்பொழுது, ஓநாய் முகம் மனித முகமாக மீளுவதாகக் காண்கின்றோம். 1943இல் வந்த தொடர்ச்சிப் படத்தில் அவன் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவாறு முகம் மாறுகின்றான்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. கட்டில், சாவு, உறக்கம் ஆகியவை கதையின் தேவையால் மட்டும் வந்தனவல்ல. அசைந்தால் துண்டுகள் பொருந்தாமையின், நடிகர் அசையாதிருத்தற்குக் காரணம் ஒன்று வேண்டியிருந்தது. நடிகரின் முகம் அவருடையதே. நடிப்புத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. விலகலின் முதற்படி இதுவே எனலாம்.

இதற்கிடையில் ஒப்பனைப் பொருளே மாறிவந்தது. பியர்ஸ் நாள்தோறும் பஞ்சும் பசையும் மயிரும் கொண்டு முகத்தின்மேலேயே புதிதாகக் கட்டியெழுப்புபவர். அதற்கு மாறாக, நுரை ரப்பரால் முன்னரே வார்த்த உறுப்புகளை ஒட்டும் முறை பரவிற்று. 1939ஆம் ஆண்டின் ‘தி விசர்டு ஆஃப் ஆஸ்’ படத்திலேயே ஜாக் டான் இத்தகைய உறுப்புகளைப் பயன்படுத்தினார். முறையைச் சிறிது விரித்துக் கூறுவோம். முதலில் நடிகர் முகத்தின்மீது, பல் மருத்துவர் வாயளவு எடுக்கப் பயன்படுத்தும் கடற்பாசிக் குழம்பைப் பூசி, மூக்குத்துளையை மட்டும் மூச்சுக்கென விட்டு, மேலே சாந்து தோய்த்த துணியைச் சுற்றி அச்செடுப்பர். அவ்வச்சில் சாந்து வார்க்க, நடிகரின் தலை கல்லாகக் கிடைக்கும். அக்கல்தலையின்மீது சிற்பி களிமண்ணால் விலங்கின் முகத்தை வனைகின்றார். மயிர்க்கால்களும் தோற்சுருக்கங்களும் தப்பாமல் பொறிக்கின்றார். பின்னர் அக்களிமண் முகத்திற்கு ஓர் அச்செடுத்து, களிமண்ணை முற்றும் நீக்கிவிடுகின்றனர். இப்பொழுது கல்தலைக்கும் புதிய அச்சிற்கும் நடுவே களிமண் இருந்த இடம் வெற்றிடமாக நிற்கும். நடிகருக்கும் விலங்கிற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ அவ்வளவே அவ்வெற்றிடம். நுரைக்க அடித்த ரப்பர்ப் பாலை அதனுள் நிரப்பி, அடுப்பிலிட்டு மென்சூட்டில் பல மணி நேரம் வேகவைத்து உரித்தெடுத்தால், உள்ளே நடிகரின் முகத்தோடும் வெளியே விலங்கின் முகத்தோடும் பொருந்தும் மெத்தென்ற தசை கிடைக்கும். அதன் விளிம்பு பூவிதழினும் மெல்லிதாக இருத்தல் வேண்டும். விளிம்பு தடித்தால் எவ்வளவு வண்ணம் பூசினும் ஒட்டு வெளிப்பட்டுவிடும். நுரை ரப்பர் ஒருநாள் அணிந்து கழற்றினால் விளிம்பு கிழிந்துவிடுமாதலின், ஒவ்வொரு படப்பிடிப்பு நாளுக்கும் புதிய உறுப்பு வார்க்கப்படுதல் வேண்டும்.

1968இல் வந்த ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்திற்கு ஜான் சேம்பர்ஸ் இம்முறையால் குரங்கு முகங்களை ஆக்கினார். அதில் நடித்த ராடி மெக்டவல் கண்ட உண்மை ஒன்று உண்டு: முகம் சிறிது நேரம் அசையாதிருப்பினும் அது முகமூடி என்பது தெரிந்துவிடும், ஆகவே மூக்கையும் கன்னத்தையும் இடையறாது துடிக்கச் செய்துகொண்டேயிருத்தல் வேண்டும். ரப்பரின் அடியில் நடிகர் மிகையாக உழைத்தாலன்றி மேலே உயிர் தோன்றாது. சேம்பர்ஸுக்குச் சிறப்புப் பரிசாக ஓர் ஆஸ்கர் வழங்கப்பட்டது. 1970இல் ‘லிட்டில் பிக் மேன்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மனை 121 அகவை முதியவராக்கிய டிக் ஸ்மித், முகத்தை ஒரே மூடியாக வார்க்காமல் பல சிறு துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அமைத்தார். முகத்தசை இயங்க இடந்தருவதே அதன் நோக்கம்.

ஸ்மித்தின் வழிவந்த இருவரால் 1981ஆம் ஆண்டு இக்கலையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஜோ டாண்டே இயக்கிய ‘தி ஹவுலிங்’ படத்தில் ராப் பாட்டின், நுரை ரப்பர்த் தோலுக்கு அடியில் சிறு காற்றுப்பைகளை வைத்து, அவற்றிலிருந்து செல்லும் குழாய்களின் வழியாகப் படத்தில் தோன்றாதவாறு காற்றூதச் செய்தார். தோலுக்கடியில் ஏதோ ஊர்ந்து கொதிப்பது போலத் தோன்றிற்று. இக்காற்றுப்பை உத்தியை ஸ்மித் அதற்கு முந்தைய ஆண்டில் ‘ஆல்டர்டு ஸ்டேட்ஸ்’ படத்திற் கையாண்டிருந்தார். மற்றொருவர் ரிக் பேக்கர். ஜான் லாண்டிஸ் 1969ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருந்த ‘ஆன் அமெரிக்கன் வேர்உல்ஃப் இன் லண்டன்’ கதையை 1981இல் படமாக்கியபொழுது பேக்கரிடம் கேட்டது ஒன்றே: மாற்றம் இருளில் நிகழலாகாது, விளக்கெரியும் அறையில், முழுவதும் தெரிய, நோவோடு நிகழ்தல் வேண்டும். அதுகாறும் இருளே ஒப்பனையாளரின் நண்பனாக இருந்தது. அந்நண்பனை இயக்குநர் வெளியேற்றிவிட்டார்.

பேக்கர் மாற்றத்தைப் பல செயல்களாகப் பகுத்தார். கை நீளுதல் ஒரு செயல். முதுகெலும்பு எழும்புதல் ஒரு செயல். முகம் முன்னோக்கி நீண்டு மோவாயாதல் ஒரு செயல். ஒவ்வொன்றிற்கும் தனித்தனி உறுப்பு செய்யப்பட்டது. நடிகர் டேவிட் நாட்டனின் அச்சில் வார்த்த கையும் தலையும் முதுகும் நெகிழும் தோல் போர்த்தப்பட்டு, உள்ளிருக்கும் பொறிகளால் தள்ளப்பட்டு, படப்பெட்டியின் முன்னரே, வெட்டின்றி நீண்டன. இவ்வுறுப்புகளுக்கு இடையிடையே நாட்டன் உண்மையாகவே ஒப்பனையோடு தோன்றும் துண்டுகள் வைக்கப்பட்டன. தோலில் மயிர் முளைக்கும் துண்டில், செயற்கைத் தோலினூடே செருகிய மயிரை உள்ளே இழுத்துப் படமெடுத்து, அப்படத்தைத் தலைகீழாக ஓட்டினர். மாற்றம் முற்றும் நிலையில் நாட்டனின் கீழுடல் தரைப்பலகையின் துளைக்கு அடியில் மறைக்கப்பட, மேலே செயற்கையான ஓநாய் உடல் அவரோடு பொருத்தப்பட்டது. சாம் குக் பாடிய இனிய காதற்பாட்டொன்று பின்னே ஒலிக்கின்றது. எலும்பு முறியும் ஓசை முன்னே கேட்கின்றது.

இக்காட்சி ஏன் நெஞ்சைத் தொடுகின்றது என்பதை நம் மெய்ப்பாட்டியல் கொண்டு விளக்கலாம் என்று எண்ணுகின்றோம். அச்சத்திற்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன் நான்கனுள் விலங்கு ஒன்று. அழுகைக்குக் கூறும் நான்கனுள் அசைவு ஒன்று. முன்னை நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என்பது அதற்குப் பேராசிரியர் கொள்ளும் கருத்து. ஓநாயைக் கண்டஞ்சுதல் விலங்கு பற்றிய அச்சம். ஒருவன் ஓநாயாதலைக் கண்டு நம் உள்ளம் வருந்துதல் அசைவு பற்றிய அழுகை. இரண்டும் வேறு மெய்ப்பாடுகள். பியர்ஸ் காலத்து ஒப்பனை பெரிதும் முன்னதனையே நாடிற்று. பேக்கரின் காட்சி பின்னதனை எய்திற்று. உடல் எரிகின்றது என்று கதறும் இளைஞன், தன் கை நீளுவதைத் தானே பார்க்கின்றான். பாதி விலங்கான நிலையிலும் இறந்துபோன தன் நண்பனிடம் மன்னிப்புக் கேட்கின்றான். அவன் இன்னும் மனிதன் என்பதனாலேயே அக்காட்சி துன்பமாகின்றது.

ஆனால் நீளும் அந்தக் கை நாட்டனின் கை அன்று. முன்தள்ளும் அம்முகம் அவர் முகம் அன்று. அசைவுக்குரியவன் மனிதன், திரையில் அசைவதோ பொறி. இம்முரண்பாட்டை இக்காட்சி வெல்வது, பொறியின் துண்டுகளுக்கு முன்னும் பின்னும் நடிகரின் கண்ணையும் குரலையும் விடாது வைத்ததனால் என்பது நம் கருத்து. குரல் அவருடையதாக இருக்கும்வரை, ரப்பர்த் தலையின் நோவையும் அவர் நோவாகவே கொள்ளுகின்றோம்.

‘தி எலிஃபண்ட் மேன்’ படத்தின் ஒப்பனைக்குப் பரிசில்லை என்று எழுந்த குறைகூறலைத் தொடர்ந்து ஒப்பனைக்கென நிலையான ஆஸ்கர் பரிசு ஏற்படுத்தப்பட்டது. 1982இல் வழங்கப்பட்ட முதற்பரிசைப் பேக்கர் பெற்றார். ஐம்பதாண்டுக்கு முன்னர் இத்தகைய மாற்றத்திற்காக நடிகர் ஒருவர் பரிசு பெற்றதையும், இப்பொழுது ஒப்பனையாளர் பெற்றதையும் அருகருகே வைத்து நோக்கினால், மாற்றம் யாருடைய செயலாகக் கருதப்பட்டது என்பது விளங்கும்.

டேவிட் குரோனன்பர்க் 1986இல் இயக்கிய ‘தி ஃபிளை’ வேறொரு வழியில் சென்றது. அறிவியலாளர் ஒருவர் ஈயின் உயிர்க்கூறு தம்மோடு கலந்ததனால் சிறிது சிறிதாகச் சிதைகின்றார். மாற்றம் ஒரு காட்சியில் அடங்காமல் படம் முழுதும் பரந்திருத்தலின், இடைநிலையைக் காட்டும் இடர்ப்பாடே பெரும்பாலும் எழவில்லை. முதலில் முகத்தில் சில புள்ளிகள், பின்னர்ப் புண்கள், பின்னர் நகமும் பல்லும் உதிர்தல். ஒவ்வொரு படியிலும் ஜெஃப் கோல்ட்புளூமின் கண்ணும் பேச்சும் எஞ்சியிருக்கின்றன. இறுதியில் நடிகர் முற்றிலும் நீங்கி, இயக்கப்படும் பாவை ஒன்றே நிற்கின்றது. அப்பாவை துப்பாக்கியின் முனையைத் தன் தலையோடு தானே சேர்த்து வைக்கும்பொழுது நாம் அதனிடம் அந்த மனிதனையே காண்கின்றோம். நடிகர் அங்கு இல்லை. ஆயினும் முன்னர் அவர் நடித்த நேரமெல்லாம் அப்பாவையின் பின்னே நிற்கின்றது. மேலே நாம் கூறிய விலகல் நடிப்பிற்கு எஞ்ஞான்றும் கேடு என்று கொள்ளலாகாமைக்கு இது சான்று. இதன் ஒப்பனைக்குக் கிறிஸ் வாலஸும் ஸ்டீபன் டுபுயும் ஆஸ்கர் பெற்றனர்.

1988இல் ‘வில்லோ’ படத்தில் ஒரு சூனியக்காரி விலங்கு பலவாக மாறி இறுதியில் மனித உருப்பெறும் காட்சி கணிப்பொறியால் ஆக்கப்பட்டது. ஒவ்வோர் உருவையும் தனித்தனியே படமெடுத்து, ஒன்றன் புள்ளிகளை மற்றொன்றன் புள்ளிகளுக்கு இழுத்துச் செல்லும் வேலையைக் கணிப்பொறி செய்தது. பியர்ஸ் மங்கித் தெளியும் துண்டுகளால் செய்ய முயன்றதையே அது தடையின்றிச் செய்து முடித்தது. நடிகர் அசையாது கிடக்க வேண்டிய கட்டாயமும் நாளடைவில் நீங்கிற்று.

பியர்ஸின் 1941ஆம் ஆண்டுப் படம் 2010இல் ‘தி உல்ஃப்மேன்’ என்று மீண்டும் எடுக்கப்பட்டபொழுது, அதற்கு ஒப்பனை செய்தவர் பேக்கர். இளமையில் தாம் வியந்த பியர்ஸின் உருவைத் தழுவியே பெனிசியோ டெல் டோரோவின் முகத்தை அவர் ஓநாயாக்கினார். ஆயின் மாறும் காட்சிகள் அவரிடம் விடப்படவில்லை. அவை கணிப்பொறியிற் செய்யப்பட்டன. அது தமக்கு ஏமாற்றம் தந்ததைப் பேக்கர் மறைக்கவில்லை. மனித முகம் ஒரு நிலை, ஓநாய் முகம் மற்றொரு நிலை என்று தொடக்கத்தில் கூறினோம். அவ்விரு நிலைகளே மீண்டும் ஒப்பனையாளர் பங்காயின. 1981இல் அவர் தம் கையால் நிரப்பிய இடைவெளி பிறர் கைக்குச் சென்றது. அப்படத்தின் ஒப்பனைக்காகப் பேக்கரும் டேவ் எல்சியும் 2011இல் ஆஸ்கர் பெற்றனர். நான்காண்டு கழித்துப் பேக்கர் தொழிலினின்று ஓய்வு பெற்றார்.